குடிக்காத அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

உங்கள் ஸ்கேன் முடிவை வாங்கிவிட்டோம். கல்லீரலைக் கெடுத்தது குடி இல்லை. பித்தக் குழாய்கள் நெடுநாள் அழற்சியால் புண்பட்டு, அங்கங்கே சுருங்கியிருக்கின்றன. நீங்கள் சொன்னதுதான் உண்மை.

நீங்கள் கோபித்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போன பிறகு, மது ஒளித்து வைத்திருப்பீர்களோ என்று அம்மா உங்கள் ஷாம்பு புட்டியைக்கூட முகர்ந்து பார்த்தாள். “இப்பவாவது நம்பறியா?” என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன். அவள் டாக்டரிடம் திரும்பி, குணமாக்க என்ன மருந்து என்று கேட்டாள். அவர் சொன்னதை நேரில் பேசிக்கொள்வோம்.

வாசலுக்கு வந்ததும் அழுதாள். “குடியா இருந்திருந்தா, நிறுத்தச் சொல்லிச் சண்டையாவது போட்டிருப்பேனேடி!”

அடுத்த பரிசோதனைக்கு அவள்தான் உங்களோடு வருவாளாம். கிளம்பி வாருங்கள், அப்பா. சண்டை போட அவளுக்கா காரணம் கிடைக்காது?

உங்கள் மகள்