கேட்காமல் எழுதிய கட்டுரை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்பதை உன் கையெழுத்தில் படிக்க ஆசை. இது நான்காவது கடிதம்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "என்னடி இப்படி இளைச்சுட்டே?" என்றார். பிறகு எனக்குப் பின்னால், கதவுப் பக்கம் பார்த்தார்.

அந்தக் கட்டுரையைப் பற்றி எழுத இதுவரை துணிவு வரவில்லை. சமயத் தத்துவ வகுப்பில், யாராவது ஒருவருடைய பிரார்த்தனையை எடுத்துக்கொண்டு ஆராயச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது உன்னுடையது ஒன்றுதான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும், தையல் கம்பெனியிலிருந்து நேரே வந்து, சக்கர நாற்காலிகள் நிறுத்தியிருக்கும் சுவரோரம் கண்மூடி நிற்பாயே, அதை எழுதினேன். 'ஒரு பெண் தன் தாய் பிழைக்க வேண்டினாள்' என்று தொடங்கி, 'அவள் தன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்' என்று முடித்தேன். பேராசிரியை வகுப்பில் வாசித்துப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதைப் படித்துவிட்டு நீ கத்தியிருந்தால் தேவலை. "நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாய். அடுத்த வாரமே கம்பெனியின் வெளியூர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது துறையின் ஆண்டு மலரில் அதை அச்சிடக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பேராசிரியை காரணம் கேட்டார். "முதல் வரியே எனக்குத் தெரியாத விஷயம், மேடம்" என்றேன். "அப்போ போய்க் கேளுங்க" என்றார் அவர்.

அக்கா, அம்மா கடைசி நாட்களில் மூச்சுக்குத் தவித்த தவிப்பு எனக்கும் மறக்கவில்லை. நீ வேண்டியது, நான் எழுதிய முதல் வரிக்கு நேர் எதிராகக்கூட இருந்திருக்கலாம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அப்படியென்றால் அதை இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறாய். வீட்டில் உன் பக்கத்துக் கட்டிலில் நான் புத்தகம் படித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

சொல்ல மனமில்லையென்றால் சொல்ல வேண்டாம். திட்டியாவது ஒரு வரி எழுது. இல்லை, ஒரு நாள் வந்துவிட்டுப் போ. நீ எங்கிருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. இதை யாரிடம் கேட்கிறேன் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
தங்கை