பெயர் வெட்டிய அண்டா

சித்திரபானு வருஷம், ஆவணி 3

வெயில். ஆடியில் விதைத்த ராகி முளைத்த இடத்திலேயே கருகிவிட்டது.

எழுதி வைக்கிறேன். நிலம் என்னுடையது. அண்டா என் மருமகள் மாதம்மாளுடையது, கல்யாணச் சீர். என் நிலத்து வரிக்காக அவள் அண்டாவைத் தூக்கிப் போனார்கள். இது திருட்டு. சர்க்கார் செய்தாலும் திருட்டுதான்.

வந்தவர்கள்: ரெவினியூ இன்ஸ்பெக்டர் (இனி ரெ.இ.), மணியக்காரன், தலையாரி. மணியக்காரன் என் சொந்தப் பெரியப்பா மகன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெ.இ. சொன்னார்: "பெருசு, மனு போடு. தாசில்தார் பாத்துக் கொறைப்பாரு."

போட்டாயிற்று. விளைச்சல் இல்லை, வரியைக் குறையுங்கள் என்று வருஷா வருஷம். பதில் இல்லை.

அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. தலையாரி வாசலில் கவிழ்த்தான். மாதம்மாள் கிணற்றிலிருந்து சுமந்த தண்ணீர்.

முழங்கால் வலி. கறுப்பு ஆடு குட்டி போட்டது.

ஆவணி 5

மாரியம்மன் கோவில் எதிரில் கூட்டம். முடிவு: அண்டா ஏலத்தில் ஊரில் ஒருவனும் விலை கேட்கக் கூடாது. கேட்டவன் வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது.

மொரப்பூரில் ரயில் இறங்கி வந்தவர் சேதி கொண்டுவந்தார். பம்பாயில் தலைவர்கள் எல்லோரையும் பிடித்துவிட்டார்களாம்.

என் மகன் முனியப்பன் எழுந்தான். "கொறைங்க கொறைங்கன்னு எத்தினி நாளைக்கிக் கேக்கறது? வரி வாங்கறதுக்கு நீ யாருடான்னு கேக்கணும்."

"வெள்ளக்காரன் போனா மட்டும் மழ வருமாடா? நமக்கு வரி கொறைஞ்சா போதும், உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். கூட்டம் என் பக்கம் சேர்ந்து சிரித்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவன் பத்தடி முன்னாலேயே நடந்தான்.

ஆவணி 8

ஏலம், சாவடி முன்பு. மேகம், மழை இல்லை. தமுக்கு அடித்தார்கள். ஊரே வந்தது, ஒரு வாயும் திறக்கவில்லை. ரெ.இ. தொண்டை வறளக் கூவினார். எவனோ தும்மினான்.

"அத ஏலத்துல சேத்துக்காதீங்க சாமி, அவனுக்குச் சளி!"

சிரிப்பு. ரெ.இ. முகம் சுண்டிவிட்டது. ஜெயித்தோம் என்றே நினைத்தேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் விலை கேட்டது. நல்லம்பள்ளிச் சம்பந்தி. மாதம்மாளின் அப்பா.

அண்டாக் கழுத்தில் அவர் பெயரும் அவள் பெயரும் வெட்டியிருக்கிறது. சீர் கொடுத்தவன் பெயர் சாவடியில் கிடந்தால் எவன் பொறுப்பான்? நானும் என் மகளுக்கு அப்படித்தான் வெட்டிக் கொடுத்தேன். ஊருக்குக் கட்டுப்பாடு போட்டோம். சம்பந்திகளுக்குச் சொல்லி அனுப்ப ஒருவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வண்டியில் ஏற்றி வந்து என் வாசலில் இறக்கினார்.

"எம் பொண்ணு பேரு சந்தி சிரிக்கறதப் பாத்துக்கினு இருக்கச் சொல்றீங்களா, சம்பந்தி?"

"ஊரு மானத்த வித்துட்டீங்க."

"காப்பாத்துனவன் நானு. விட்டவங்க நீங்க."

"எடுத்துக்கினு போங்க. ஏலத்துல போன சாமான் இந்த வூட்டுக்குள்ள வராது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாதம்மாள் மோர்ச் சொம்போடு நின்றது நின்றபடி. அண்டா வாசலிலேயே கிடக்கிறது.

ஆவணி 10

ரெ.இ. பாடம் படித்துக்கொண்டார். ஆட்டை விட்டார், கோழியை விட்டார். பெயர் வெட்டிய பாத்திரமாகப் பார்த்து எடுக்கிறார். குடம், தவலை, போசி. எல்லாம் மருமகள்களின் சீர். பிறந்த வீட்டார் ஓடி வந்து எடுப்பார்கள், வரி வசூலாகிவிடும். வழியைக் காட்டிக் கொடுத்தது எங்கள் அண்டா.

மறுபடி முதலில் என் வீடு, பாக்கி இன்னும் தீரவில்லையாம். மாதம்மாளின் தவலை போயிற்று.

பக்கத்து வீட்டுக் காவேரி வாசலில் முனியப்பன் குறுக்கே நின்றான். இரண்டு போலீஸ்காரர்கள். "வெள்ளக்காரனே வெளிய போ!" என்று கத்தினான். அடித்தார்கள். வாயில் ரத்தம். அப்போதும் கத்தினான். தருமபுரி லாக்கப்புக்குக் கொண்டுபோனார்கள்.

"இன்னா குத்தம்?" என்று கேட்டேன்.

"ராஜத்துரோகம். போ பெருசு."

வரி பாக்கிக்குப் பிடித்திருந்தால் கட்டி மீட்கலாம். இதற்கு எதைக் கட்டுவது?

உட்காரு என்று அவனிடம் சொன்னவன் நான். அவன் கேட்டதுதான் கேள்வி. வாங்குவதற்கு இவர்கள் யார்? குறையுங்கள் என்று இனி என் கை எழுதாது.

சாப்பிடவில்லை.

ஆவணி 11

தூறல். புழுதி அடங்கியது, அவ்வளவுதான்.

மாதம்மாள் வாசலில் அண்டாவைச் சாய்த்துப் போட்டு உளியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"பேரு இருக்கறதாலதான மாமா எங்கப்பன் வந்தாரு."

சத்தம் கேட்டுப் பெண்கள் வந்தார்கள். மிச்சமிருந்த செம்பு, தாம்பாளங்களோடு. காவேரி சொன்னாள்: "புருசன் பேர வாயில சொல்லக் கூடாதுன்னாங்க. இவ அப்பன் பேரயே உளியால பேக்கறாளேடி!"

"பேத்தா இன்னாக்கா? எங்க வூடு நல்லம்பள்ளியிலதான இருக்குது, ஓடியா பூடும்?"

சிரித்தார்கள். நானும். பிறகு மாதம்மாள் உளியைக் கீழே வைத்தாள். "சாவடியில வெச்சிருக்கறதுல பேரு அப்படியே இருக்குது மாமா. ஏலத்துக்கு எல்லாப் பொறந்த வூடும் வந்து நிக்கும். முன்னாடியே போயிச் சொல்லணும்."

அண்டாவை அவளே உள்ளே உருட்டிக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை.

ஏலம் 15-ஆம் தேதி. அதற்குள் ஆக வேண்டியவை:

மொரப்பூர்ப் பக்கத்துச் சம்பந்திகள்: காவேரியின் புருஷன். ஸ்டேஷனில் போலீஸ், ஊர்களுக்குள் நடந்தே போக வேண்டும்.

பாப்பாரப்பட்டி: காவேரி. சந்தைக்குப் புளி கொண்டுபோகிற சாக்கில்.

மணியக்காரன் வேலையை விட வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டான். அவன் பெண்டாட்டியிடம் மாதம்மாள் பேச வேண்டும். அவள் போசியையும் ஒருநாள் எடுப்பார்கள்.

முனியப்பனுக்குச் சோறு: என் தம்பி. ஜாமீன் கேட்கக் கூடாது, அவன் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

தாசில்தாருக்குத் தபால்: நான். மனு அல்ல. வரி கிடையாது, நாட்டை விட்டுப் போங்கள். அடியில் கையெழுத்து, முழுப் பெயரில்.

நல்லம்பள்ளி: நான். வேறு யார் போனாலும் அவர் கேட்க மாட்டார். மோர் கொடுத்தால் குடிக்க வேண்டும்.