டயர் மாற்றப் போகிறவன்

ஹேடன் ஃபால்ஸ், அயோவா
மே 13, 2018

அன்புள்ள லீலண்டுக்கு,

நலமாகத்தான் இருப்பாய். போன கோடை முழுக்க என் வீட்டுக் கீழ்த்தள அறையில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தியவன், தலைமை அலுவலகத்தில் மேசை கிடைத்ததும் மார்லிஸ் என்று ஒருத்தி இருப்பதையே மறந்துவிட்டாய். கிறிஸ்துமஸ் அட்டையில் வெறும் கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். அதையெல்லாம் நான் கடிதம் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. போன் பண்ணாதே, எனக்குப் பாதிதான் காதில் விழும் என்று உனக்குத் தெரியும். எழுது.

உன் அறைக்கு ஆள் வந்துவிட்டான். வழக்கம்போல இந்த ஊர் பேஸ்பால் கிளப்பிலிருந்து அனுப்பினார்கள். டால்ட்டன் பீசன், பத்தொன்பது வயது, ஒக்லஹோமா. பந்து வீசுகிறவன். கீழே போகிற படியில் தினமும் தலையை இடித்துக்கொள்கிறான். மரியாதையான பிள்ளை. ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறான். "இல்ல மேடம், பசிக்கல" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். தோற்ற அன்றைக்கு வீட்டுக்குள் வராமல் வாசலில் காரிலேயே உட்கார்ந்திருக்கிறான். போய்க் கண்ணாடியைத் தட்டினால் ரேடியோ கேட்கிறேன் என்கிறான். ரேடியோ ஓடவில்லை.

அவனுடைய பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "நல்லாத்தான் போடற, அப்படியே போடு"ன்னு சொல்றாராம். அப்படியே போட்டால் அப்படியே அடிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு டோயில் சீட்டாட வந்தபோது சொன்னார்: "இந்தப் பையன் ஜூலையத் தாண்ட மாட்டான் மார்லிஸ். பேரெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" நீதான் இதையெல்லாம் அளக்கிறவன் ஆயிற்றே. இந்தப் பிள்ளைக்கு என்னதான் குறை?

அன்புடன்,
மார்லிஸ் குவாம்


தலைமை அலுவலகம்
மே 20, 2018

அன்புள்ள மார்லிஸ் அம்மாவுக்கு,

கிறிஸ்துமஸ் அட்டை தப்புதான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, நேராக விஷயத்துக்கு வருகிறேன். டோயில் சொன்னது சரி.

உங்கள் ஊர்க் கிளப்புக்கெல்லாம் மேலே இருக்கிற எங்கள் பெரிய அணி போன வருடம் நூறு ஆட்டத்துக்கு மேல் தோற்றது. பேர் வாங்கிய ஆட்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சின்னப் பையன்களாக வாங்கிக் குவித்திருக்கிறோம். இவர்களில் சிலர் தேறினால் நாலைந்து வருடத்தில் அணி பிழைக்கும். எவன் தேறுவான் என்று பார்ப்பது என் வேலை. ஜூலைக் கடைசியில், வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர்களின் பட்டியல் மேலே போகும். உங்கள் டால்ட்டன் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

குறை என்ன என்று கேட்டீர்கள். அவன் வேகப் பந்து போடும்போது முழங்கை தோளுக்கு நேராக இருக்கிறது. வளையும் பந்து போடும்போது நாலு விரற்கடை மேலே ஏறிவிடுகிறது. என்ன வரப்போகிறது என்று மட்டை பிடிக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நல்ல சீட்டு வந்தால் டோயில் காதைத் தடவுவாரே, அதே கதைதான். அதை வைத்துத்தானே நீங்கள் அவரை வருடக்கணக்காக ஜெயிக்கிறீர்கள். மட்டைக்காரர்களும் உங்களைப் போலத்தான், பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பயிற்சியாளர் ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லக் கூடாது. எங்கள் இயக்குநர் லெனோர் ப்ராக் போட்ட சட்டம் அது. புதுப் பையனை ஜூலை வரை யாரும் திருத்தக் கூடாது, அளக்க மட்டும்தான் வேண்டும். தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருந்துகிறவன்தான் மேலே நிற்பான் என்பது அவர் எண்ணம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. இவன் அந்த ரகம் இல்லை. ஆகஸ்டில் ஊரில் அவன் அப்பா பட்டறையில் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருப்பான். அதுவும் நல்ல வேலைதான், யாரும் கைதட்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

இது வெளியே போகக் கூடாத விஷயம். படித்ததும் கிழித்துப் போடுங்கள். கீழ்த்தள ஜன்னல் ஒழுகுமே, அடைத்தாயிற்றா?

அன்புடன்,
லீலண்ட்


ஹேடன் ஃபால்ஸ்
ஜூன் 4, 2018

அன்புள்ள லீலண்டுக்கு,

ஜன்னலை டால்ட்டன் அடைத்துவிட்டான். நீ ஒரு கோடை முழுக்க அதன் கீழே பக்கெட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

உன் கடிதம் நன்றாகப் புரிந்தது. இப்படி யாராவது எனக்குச் சொன்னால்தானே தெரியும். சில சந்தேகங்கள். முழங்கை மேலே ஏறுகிறது என்றாயே, எந்தக் கட்டத்தில்? காலைத் தூக்கும்போதேவா, கால் தரையில் பட்ட பிறகா? பந்தைப் பிடிக்கிற பிடி வேறாக இருப்பதால் அப்படி ஆகிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்புறம், அவனிடம் நல்லது என்று ஒன்றுமே இல்லையா? உன் மெஷினில் நல்லதெல்லாம் விழாதா?

பிள்ளை இப்போது சாப்பிடுகிறான். நேற்று நான் அடுப்பில் சுட்ட கறி மீட்லோஃப் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டான். டோயில்தான் சரியில்லை. காதைப் பிடித்துக்கொண்டே சீட்டாடுகிறார், கை ராசியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். யார் சொன்னார்களோ.

அன்புடன்,
மார்லிஸ்


தலைமை அலுவலகம்
ஜூன் 10, 2018

அன்புள்ள மார்லிஸ் அம்மாவுக்கு,

உங்களுக்கு எதற்கு இவ்வளவு நுணுக்கம்? வயசு அறுபதுக்கு மேல் ஆகிறது, பந்து வீசப் போகிறீர்களா? இங்கே தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

கால் தரையில் படுவதற்கு முன்பே தப்பு ஆரம்பித்துவிடுகிறது. பிடிதான் காரணம். வளையும் பந்தின் பிடியைக் கையுறைக்குள் கடைசி நேரத்தில் தேடுகிறான். தேடினால் தாமதம், தாமதத்தைச் சரிக்கட்ட முழங்கை எகிறுகிறது. எந்தப் பந்தாக இருந்தாலும் முதலில் வளையும் பந்தின் பிடியையே பிடித்துக்கொண்டு, அதிலிருந்து வேகப் பந்துக்கு மாறினால் போதும். ஒரு பிடி மாற்றுகிற விஷயம். இதை நான் அறிக்கையில் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன், யாரும் படிக்கவில்லை.

இன்னொரு தப்பு. அடி வாங்கினால் அடுத்த பந்தை அவசரமாகப் போடுகிறான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல. பந்து வீசுகிற மேட்டை விட்டு இறங்கி, ஷூ கயிற்றைக் கட்டுவது போல் பாசாங்கு செய்தால்கூட மூச்சு அடங்கும்.

நல்லது இருக்கிறது. அடிபட்ட பந்தைத் தன் அணியில் எவன் தவறவிட்டாலும் இவன் முறைப்பதில்லை. மற்றவர்கள் கையை விரித்து மைதானத்துக்கே காட்டுவார்கள். இவன் திரும்பிப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அதற்கு எங்களிடம் அளவுகோல் இல்லை. இருந்தால் அவனுக்கு நிறையக் கொடுத்திருப்பேன்.

அன்புடன்,
லீலண்ட்

பி.கு. மீட்லோஃப் என்று எழுதினால் ஒரு துண்டு அனுப்ப வேண்டும்.


தலைமை அலுவலகம்
ஜூலை 9, 2018

அன்புள்ள மார்லிஸ் அம்மாவுக்கு,

இந்தத் தடவை நீங்கள் கேட்பதற்கு முன்பே எழுதுகிறேன். டயர் விஷயத்தில் நான் தப்பு.

மூன்று வாரமாக உங்கள் பையனின் முழங்கை இரண்டு பந்துக்கும் ஒரே இடத்தில் இருக்கிறது. வளையும் பந்து எங்கே போனது என்று தெரியாமல் மட்டைக்காரர்கள் காற்றைச் சுழற்றுகிறார்கள். அடி வாங்கிய பிறகு அடுத்த பந்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் கூடியிருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பயிற்சியாளரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். எங்கள் பட்டாளத்தில் அப்படி ஒருவன்கூட இல்லை என்று நினைத்திருந்தேன்.

பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டேன். லெனோருக்குத் தனியாக ஓர் அறிக்கையும் போட்டேன்: "தன்னைத் தானே திருத்திக்கொள்கிறவன், எக்காரணம் கொண்டும் விடக் கூடாது." ஜூலைக் கடைசியில் எந்த ஆளை எந்த அணிக்குக் கொடுப்பது என்று பேசுகிற அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவதாக லெனோர் சொல்லியிருக்கிறார். உங்கள் சமையலுக்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

அன்புடன்,
லீலண்ட்


ஹேடன் ஃபால்ஸ்
ஜூலை 14, 2018

அன்புள்ள லீலண்டுக்கு,

இதை எழுதுவதற்கு முன்னால் அடுக்களையை இரண்டு தடவை துடைத்தேன்.

உன் கடிதங்களை நான் கிழிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் டால்ட்டனுக்கு வாசித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். முதல் கடிதத்தில் டயர் என்று வந்த இடத்தில் நிறுத்தப் பார்த்தேன். "நிறுத்தாதீங்க மேடம், என்ன போட்டிருக்கோ படிங்க" என்றான். படித்து முடித்ததும் ரொட்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். "யாரு மேடம் இந்தாளு? வாய் ரொம்ப நீளம். ஆனா இத்தனை நாள்ல இவர் ஒருத்தர்தான் என்கிட்ட ஏதோ சொல்லியிருக்கார்" என்றான்.

அந்தச் சந்தேகமெல்லாம் அவன் கேட்டது, நான் எழுதியது. பிடியை மாற்றச் சொன்னாயே, தினமும் டிவி பார்க்கும்போது பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு அதையே செய்துகொண்டிருந்தான். போன வாரம் ஒரே ஆட்டத்தில் அவிழாத ஷூ கயிற்றை ஆறு தடவை கட்டினான். நடுவர் வந்து "என்னப்பா, புது ஷூவா?" என்று கேட்டாராம். தொப்பி விளிம்பின் உள்பக்கம் பேனாவால் "டயர்" என்று எழுதி வைத்திருக்கிறான். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அதைப் பார்த்துக்கொள்கிறானாம்.

நீ அறிக்கையில் எழுதியது உண்மையில்லை என்று ஆகிறதல்லவா. அதனால்தான் சொல்லிவிட்டேன். டோயிலிடம் காது விஷயத்தைச் சொன்னதும் நான்தான்.

அன்புடன்,
மார்லிஸ்


தலைமை அலுவலகம்
ஜூலை 18, 2018

மார்லிஸ் அம்மாவுக்கு,

ஒரு மாணவனுக்கு விடையைச் சொல்லிக்கொடுத்து, பிறகு அவன் தாளைத் திருத்தி, ஆகா மேதை என்று நானே முதல் மார்க் போட்டிருக்கிறேன். என் தொழிலில் இதைவிட அசிங்கம் கிடையாது. கிழித்துப் போடுங்கள் என்று எழுதினேன், தெளிவாகத்தானே எழுதினேன்?

லெனோரிடம் சொல்லப் போகிறேன். சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. சொன்னால் அவன் பெயர் மறுபடியும் பட்டியலுக்குப் போகலாம், என் நாற்காலியும் போகலாம். இரண்டுக்கும் நீங்கள் காரணமில்லை என்று எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் இன்றைக்கு வரவில்லை.

இதையும் அவனுக்கு வாசித்துவிடுங்கள். எப்படியும் வாசிக்கத்தான் போகிறீர்கள்.

லீலண்ட்


ஹேடன் ஃபால்ஸ்
ஜூலை 22, 2018

அன்புள்ள லீலண்டுக்கு,

வாசித்தேன். முழுக்கக் கேட்டான். அப்புறம் "சொல்லட்டும் மேடம். அவர் சொல்லலைன்னா அவர் சொன்னதுல நான் எதை நம்பறது?" என்றான். சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், கீழே போய்ப் பெட்டியைக் கட்டினான். பட்டியலில் பேர் வந்தவர்களுக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்று மற்ற பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாதா, எத்தனை பேரைப் பஸ் நிலையத்தில் விட்டு வந்திருக்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நீ சொல்லாமல் இருந்திருந்தால் இதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

சோளம் வந்துவிட்டது. நீ இல்லாததால் இரண்டு டஜன்தான் வாங்கினேன்.

அன்புடன்,
மார்லிஸ்


தலைமை அலுவலகம்
ஆகஸ்ட் 2, 2018

அன்புள்ள மார்லிஸ் அம்மாவுக்கும், எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற டால்ட்டனுக்கும்,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிரிக்கலாம்.

லெனோரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கடிதங்களுக்குப் பிரதி வச்சிருக்கியா?" என்றார். எனக்கு எதையும் பிரதி எடுத்து வைக்கிற பழக்கம். கொடுத்தேன். படித்தார். "உன் பதினோரு பக்கத்தை நானே படிச்சு முடிக்கல. இது ரெண்டே கடிதம், அதுலயும் பாதி சீட்டாட்டம். பையன் புரிஞ்சுக்கிட்டான்" என்றார். அப்புறம் என் அறிக்கையை என்னிடமே தள்ளினார். "தானாத் திருந்தறவன்ங்கறதை அடி. மூஞ்சிக்கு நேரா திட்டினாலும் காது குடுத்துக் கேக்கறவன்னு எழுது. என்கிட்ட இருக்கறதுல பாதிப் பேரு, ஒரு வார்த்தை சொன்னா அம்மாவுக்கு போன் போடறாங்க."

பட்டியல் போய்விட்டது. டால்ட்டன் அதில் இல்லை. ஜூலை வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற சட்டத்தையும் லெனோர் அன்றே எடுத்துவிட்டார்.

அந்த அறையில் எனக்கு நாற்காலி போடவில்லை. வெளி ஆளுக்கு உள் விஷயத்தை எழுதியதற்கு அது கிடைத்தே ஆக வேண்டும், அதில் எனக்குப் பேச்சில்லை. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை, அது வேறு விஷயம். நாற்காலிக்குப் பதிலாக லெனோர் எனக்கு வேறொன்று கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை முதல் சீசன் முடியும் வரை நான் ஹேடன் ஃபால்ஸ் அணியோடு இருக்க வேண்டும். பையன்களிடம் அறிக்கையில் எழுதுவதை நேராகச் சொல்ல வேண்டும். "மார்லிஸுக்கு எழுதற மாதிரியே பேசு" என்பது உத்தரவு.

டால்ட்டன், இது உனக்கு. உன் முழங்கை சரியாகிவிட்டது, உன் வேகப் பந்து வேகமில்லை. இந்த ஊரில் அது செல்லும், அடுத்த ஊரில் அடிப்பார்கள், அதற்கு மேலே உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். பெரிய அணி வரைக்கும் நீ போவாய் என்று நான் நினைக்கவில்லை. உன் விஷயத்தில் ஒரு தடவை ஏமாந்தேன், இரண்டாவது தடவை ஏமாறுவது என் வழக்கமில்லை. ஏமாந்தால் அந்த ஆட்டத்துக்கு என் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி, மார்லிஸ் அம்மாவையும் டோயிலையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். தொப்பியில் எழுதியதை அழிக்காதே. காலைத் தூக்கும்போது பின்முட்டி மடங்குவது பற்றி உன்னிடம் நிறையப் பேச வேண்டும். திங்கட்கிழமை காலையில் எழுந்திரு.

மார்லிஸ் அம்மா, கீழ் அறை அவனுடையது என்று தெரியும். தையல் அறையில் ஒரு கட்டில் போட்டால் போதும். சோளம் இன்னும் இரண்டு டஜன் சேர்த்து வாங்குங்கள். இரண்டு வாரமாக எழுத வராத ஒரு வரி பாக்கி இருக்கிறது, அதை வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
லீலண்ட்

பி.கு. இதை அவன் சாப்பிட்டு முடித்த பிறகு வாசியுங்கள்.