ஆறு மணிக்கு மேல் ஆள் கணக்கு

காக்களூரில் இன்று ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குள் நுழைந்ததும் அந்த உருகிய வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவுதான். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இதே வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, "சிமுலேஷன்ல நாத்தத்தையும் சேர்க்கணும்பா" என்று என்னிடம் சலித்துக்கொண்டாயே.

அங்கே நாம் செய்தது நம் வழக்கமான வேலைதான். கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் எழுப்பி, வெயில், கூரை, ஆட்கள், மணிக்கு மணி மாறும் மின்கட்டணம் எல்லாவற்றையும் ஊட்டி, எப்போது எதை நிறுத்தினால் பில் குறையும் என்று பார்ப்பது. ஆட்கள் விவரத்துக்கு ஆபீஸில் கொடுத்த ஸ்டாஃப் பட்டியலை வைத்தோம். அதன்படி, மருந்து பாட்டில்களைப் பேக் செய்யும் ஹால் ஆறு மணிக்குக் காலி. கட்டணம் ஏறுவதும் அப்போதுதான். ஏசியை நிறுத்தலாம் என்றது மாடல். முதலாளியும் நிறுத்திவிட்டார்.

பலனைப் பார்க்க ஒரு சாயங்காலம் பெருமையாகப் போனோம். ஹால் நிறையப் பெண்கள். எல்லாரும் காண்ட்ராக்ட் ஆட்கள், ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். ஒரு அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி, "இன்னாம்மா, ஏசி பாக்க வந்தீங்களா? ஒரு வாரமா வெந்துகினு கீறோம்" என்றார். உன் முகம் சுண்டிப்போயிற்று.

"பில்லு கொறஞ்சிருக்கும்மா, அப்படியே உடுங்க. அவங்க காண்ட்ராக்ட், நம்ம கணக்குல வர மாட்டாங்க" என்றார் கூட வந்த முதலாளி.

"அவங்களுக்கும் வேர்க்குதில்ல சார், அப்போ கணக்குல வருவாங்க" என்றாய்.

வேலை கையை விட்டுப் போய்விடுமே என்று நான் உன் முழங்கையைக் கிள்ளினேன். நீ அசையவில்லை. நம் ரிப்போர்ட் தப்பு என்று அங்கேயே சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டாய். அவர்கள் எல்லாரையும் சேர்த்து மறுபடி ஓட்டினோம். கட்டணம் ஏறுவதற்கு முன்பே ஹாலை நன்றாகக் குளிர வைத்துவிட்டு, பிறகு ஏசியைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவாயிற்று. மிச்சம் கொஞ்சம்தான். முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார். அப்புறம் நம்மைக் கூப்பிடவே இல்லை.

நீ கண்ணை மூடி இரண்டாவது மழைக்காலம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் எந்தக் கம்பெனியிலும் நான் பட்டியலை நம்புவதில்லை. சாயங்காலம் நேரில் போய்த் தலைகளை எண்ணுகிறேன். மின்கட்டணம் அதற்குப் பிறகுதான். இன்றும் அப்படித்தான்.

ஒன்றில் மட்டும் பொய்க்கணக்கு வைத்திருக்கிறேன். நாம் எதிரெதிரே உட்கார்ந்த ஆபீஸ் அறைக்கு விளையாட்டாக ஒரு மாடல் போட்டோமே, அதைப் புதுக் கட்டணத்துக்கு மாற்றலாம் என்று போன வாரம் திறந்தேன். அறையில் ஆட்கள் இரண்டு என்று இருந்தது. கட்டணத்தை மட்டும் மாற்றிவிட்டு மூடினேன்.