இரண்டு கையின் அளவும்

கிள்ளான்,
டிசம்பர் 7

அன்புள்ள லோகன் அண்ணனுக்கு,

தாமரை எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. அப்பா வேலைக்குப் போகிறார். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடியோ காலில் அம்மா என் தோளை ஒட்டித்தானே உட்கார்ந்திருக்கிறார்.

கையுறை விஷயத்தில் எனக்கு அலுத்துவிட்டது. நீ வேலை செய்யும் கொரியாவின் குளிருக்கு என்று சொல்லி, முதல் ஜோடியைப் பெட்டாலிங் ஜெயா மாலில் வாங்கினேன். கடைப்பெண், "கொரியாவுக்கு ஹனிமூனா அக்கா?" என்று கேட்டதும் கூச்சத்தில் அவள் நீட்டிய கம்பளிக் கையுறையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். நீயோ, நனைந்தால் காயவே மாட்டேன் என்கிறது என்றாய். தண்ணீர் புகாததாகப் பார்த்து இரண்டாவதை அனுப்பினேன். தடிமனாக இருக்கிறது, கத்தி பிடிக்க முடியவில்லை என்றாய். சொன்ன வேகத்தில், இன்றைக்கு என்ன குழம்பு என்று அம்மாவிடம் பேச்சை மாற்றினாய்.

ஹோட்டல் கவுண்டரில் சாவி கொடுக்கிற வேலை என்றாயே, அதில் கை ஏன் நனைகிறது, அண்ணா? கத்தி எதற்கு? நம் வீட்டின் முதல் பட்டதாரி என்று பிரிக்பீல்ட்ஸ் சொந்தக்காரர்கள் வரை என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாய். இதுகூட எனக்கு விளங்காதா?

சனிக்கிழமை காப்பார் சாலையில் இருக்கும் ராதாகிருஷ்ணன் அங்கிளின் இரும்புக்கடைக்குப் போனேன். ஈரம், குளிர், கத்தி என்று மூன்று வார்த்தைதான் சொன்னேன்.

"ஐஸ் மீன் வெட்டுறவங்க சாமான்லா இது. உள்ள மெல்லிசா கம்பளி, மேல ரப்பர். இறுக்கமா எடுக்காதம்மா, ரத்தம் ஓடாது, விரல் மரத்துப் போகும். மரத்த கையில கத்தி பட்டாலும் தெரியாது. யாருக்கு, வீட்டுக்காரருக்கா?"

நான் கடையில் தொங்கிய கயிறுகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கை அளவு மட்டும் கேட்டார். உன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மூன்று வருடம் படிக்கப் போனவள் நான். உன் கை அளவு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காகிதத்தில் கையை வைத்து வரைந்து அனுப்பச் சொல் என்றார்.

அம்மா உன் பழைய பள்ளிக் காலுறையை வெட்டி, ஓரம் தைத்து, மணிக்கட்டுக்கு உறை செய்திருக்கிறார். "கவுண்டர்ல நின்னாலும் கதவு தொறந்தா காத்து வரும்ல" என்கிறார். அதை இதோடு வைத்திருக்கிறேன். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வெள்ளைத் தாளும் வைத்திருக்கிறேன். ஒன்று இடது கைக்கு, ஒன்று வலது கைக்கு. ஒரு மாதமாக நீ இடது கையால்தான் போனைப் பிடிக்கிறாய். வலது கை போர்வையை விட்டு வெளியே வரவில்லை. குளிர் என்று அம்மாவிடம் சொன்னாய். அம்மா நம்பிவிட்டார்.

இரண்டு கையையும் வரைந்து அனுப்பு. எப்படி இருக்கிறதோ அப்படியே வரை. அந்த அளவுக்கே வாங்குகிறேன். வரைய முடியாது என்றால் புறப்பட்டு வந்துவிடு, அண்ணா. இங்கே உனக்குக் கையுறையே வேண்டாம்.

கோபம் தீராத உன் தங்கை,
தாமரை