கீழ் டப்பாவில் இருந்த குரல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். கடையில் இருக்கிற கம்ப்யூட்டருக்குத்தான் பத்து நாளாக உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதுவும் இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டது. போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். போன் என்றால் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இந்தப் பார்சலில் துண்டுக்குள் சுருட்டி அனுப்பும் கறுப்புப் பெட்டி ஹார்டு டிஸ்க். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அதைத் தொடு. உனக்குச் சின்ன வயதிலிருந்தே பெட்டியைக் கண்டால் பிரிக்கிற கை, அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் அப்புறம் திட்டு. அப்பாவின் குரல் மொத்தத்தையும் நான் அழித்துவிட்டேன். பதறாதே, முக்கால்வாசிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. உன் போன் தண்ணீரில் விழுந்து அதிலிருந்த அப்பாவின் பேச்செல்லாம் போய்விட்டது என்று நீ அழுதபோது, அப்பா பேசினது வேறெங்கேயாவது இருக்கா அம்மா என்று கேட்டாயே, நான்கூட அலட்சியமாகச் சொன்னேனே, ஆர்டர் பேசினது மலை மாதிரி கிடக்கு, அது எங்க ஓடிப்போகப் போகுது என்று. அதைத்தான் சொல்கிறேன். அப்பாவுக்கு டைப் அடிக்க வராது, கையெழுத்தோ கோழி கிண்டியது மாதிரி, அதனால் ஏழு வருஷமாக ஒவ்வொரு மூக்குக்கண்ணாடி ஆர்டரையும் மைக்கில் பேசி வைப்பார், நான் மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு அடிப்பேன். அடித்து முடித்ததும் அழித்திருக்கலாம், யாரும் அழிக்கவில்லை. போன வருஷம் ஆபரேஷனில் குரல்வளையை எடுத்த பிறகு, அவர் குரல் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

பத்து நாளுக்கு முன்னால் சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டியது, பில் போட்டால் சேவ் ஆகவில்லை, லென்ஸ் வெட்டுகிற மெஷின் பாதியில் நின்றுவிட்டது. புதுசு வாங்கலாம் என்றால் அந்த மெஷினுடைய புரோகிராம் இந்தப் பழைய விண்டோஸை விட்டால் வேறு எதிலும் ஓடாது. உனக்கு போன் பண்ணினேன், நீயும் ஆபீஸ் அவசரத்தில், முதல்ல பேக்கப் எடு, அப்புறம் தேவையில்லாததை அழி, வரிசையை மாத்திடாத என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நானும் வரிசையை மாற்றவில்லை, அதை மட்டும் நம்பு. திரையில் ஆர்டர் குரல் என்று மஞ்சள் படம் இருக்கிறதே, அதை அப்படியே பென்டிரைவில் போட்டேன். ஒரு நொடியில் ஏறிவிட்டது. அடேயப்பா என்ன வேகம், நம்ம பொண்ணு வாங்கிக் கொடுத்த பென்டிரைவ் ஆச்சே என்று பெருமை வேறு. படத்தின் மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்ததைப் பார்த்தேன், அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அழிக்க உட்கார்ந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஏற்றி வைத்த கார் ஓட்டுகிற விளையாட்டு நாலு, எல்லாவற்றையும் எடுத்தேன். உன் கல்யாண வீடியோ ஒரே வீடியோ மூன்று இடத்தில் இருந்தது, உன் மாமா வரும்போதெல்லாம் ஒரு காப்பி போட்டுவிட்டுப் போயிருக்கிறார், இரண்டை எடுத்தேன். அப்படியும் கோடு சிவப்பாகத்தான் இருந்தது. பிறகு டிஸ்க் கிளீனப் என்று ஒன்றைத் திறந்தேன், வரிசையாகக் கட்டம் கட்டமாகப் பெயர் வந்தது, ஒவ்வொன்றுக்கும் எதிரில் எவ்வளவு இடம் என்று போட்டிருந்தது. டெம்பரரி ஃபைல் கொஞ்சம், பழைய அப்டேட் கொஞ்சம், குப்பைத்தொட்டியில் மட்டும் பதினொரு ஜிபி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினொரு ஜிபி குப்பையை வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் மூச்சுத் திணறினாய் என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது ஒருமுறை கேட்கத்தான் செய்தது, நானும் நிச்சயம்தான் என்று சொன்னேன். கோடு நீலமாக மாறியது, பில் ஓடியது, மெஷின் ஓடியது. இரண்டு நாள் பக்கத்துத் தையல்கடைக்காரரிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி கம்ப்யூட்டரைப் பார்த்தேன், உனக்கான காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. எழுத ஆரம்பிக்கும்போது நாற்பது நிமிஷம் என்றது, இப்போது மூன்று மணி நேரம் என்கிறது. அதற்கும் கணக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் நாள் சாயந்திரம் கடையைச் சாத்துகிற நேரத்தில் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆர்டர் பேசியதைத் தவிர எதற்கும் அதைத் தொடாத மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். குப்பைத்தொட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமையாக இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னங்க என்றேன். சிலேட்டை எடுத்து, கீழ் டப்பாவைக் கொட்டிட்டியா என்று எழுதினார். எனக்கு முதலில் புரியவில்லை, நான் எதுக்குங்க உங்க டப்பாவைத் தொடப்போறேன் என்று மேஜைக்கு அடியில் பார்த்தேன், அது அங்கேயே இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு விரலால் திரையைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் கேட்டது அந்தத் தொட்டியை.

கீழ் டப்பா உனக்குத் தெரியாததா. வேலை மேஜைக்கு அடியில் இருக்கிற அந்தத் தகர டப்பாவில் அப்பா உடைந்த பிரேம், ஒற்றைக் கால், மூக்குப் பிடி, அரைக் கடுகு அளவுத் திருகாணி என்று எல்லாவற்றையும் போடுவார். பார்க்கிறவர்களுக்கு அது குப்பைத்தொட்டி. அவருக்கோ கடையிலேயே பத்திரமான இடம் அதுதான், என்னைக்காவது ஒருத்தர் வந்து கேட்பார், அப்ப எங்க போறது என்பார். அவரைக் கேட்காமல் யாரும் கொட்டக் கூடாது. நீ ஏழு வயதில் கூட்டிப் பெருக்குகிறேன் பேர்வழி என்று அதைத் தெருவில் கொட்டிவிட்டு வந்தாயே, அன்றைக்குக் காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சாக்கடை ஓரமாக அரை நாள் இழுத்துக்கொண்டு நடந்தாரே மனிதர், தெருவே வேடிக்கை பார்த்தது. அதே ஆள்தான் கம்ப்யூட்டரிலும் தொட்டிப் படத்தைப் பார்த்ததும், சரி, இங்கேயும் ஒரு கீழ் டப்பா இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். இடம் இல்லை இடம் இல்லை என்று நான் புலம்பப் புலம்ப, இவள் ஒருநாள் என் குரலில் கை வைத்துவிடுவாள் என்று பயந்து, மொத்த ஆர்டர் பேச்சையும் எனக்குத் தெரியாமல் அதற்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார். எங்கே பத்திரம் என்று வைத்தாரோ அங்கேயே நான் கை வைத்தேன்.

பென்டிரைவ் இருக்கு, பென்டிரைவ் இருக்கு என்று ஓடிப்போய் எடுத்து வந்து திறந்தேன். நீ தேடும் பொருள் இந்த இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது. அம்புக்குறி போட்ட அந்தப் படம் வெறும் ஷார்ட்கட்டாம், ஒரு வழிகாட்டியைத்தான் காப்பி பண்ணியிருக்கிறேன், உள்ளே சரக்கே இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகட்டும் விடு என்று எழுதினார், எழுதியதை உடனே கையால் அழித்துவிட்டார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போதுகூட டாக்டருடைய கண்ணாடிப் பிரேம் கோணலாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே போனவர்.

மறுநாள் கடை திறந்ததுமே இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பெண்மணியிடம் ஓடினேன். நான் சொல்லி முடிக்கவில்லை, அம்மா, கம்ப்யூட்டர் ஓடிட்டு இருக்கா, மொதல்ல ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்க, இனி அதுல ஒண்ணும் எழுதக் கூடாது என்று கத்திவிட்டார். தொட்டியைக் கொட்டினால் உள்ளே இருப்பது உடனே போய்விடாதாம். வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றியது மாதிரியாம், ஆள் உள்ளேதான் இருப்பாராம், அந்த இடத்துக்கு வேறு ஆள் குடிவருகிற வரைக்கும். நாங்கள்தான் அதற்குள் மூன்று நாள் பில் போட்டுச் சில வீடுகளில் ஆள் ஏற்றிவிட்டோமே. டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டி இரண்டு நாள் தோண்டினார். இரண்டாயிரத்து முந்நூறு ஆர்டர் பேச்சில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சொச்சம் கிடைத்தது. பெயர் ஒன்றுக்கும் இல்லை, எல்லாம் வெறும் எண். அதிலும் சிலது பாதியில் நின்றுவிடும், சிலது வெறும் இரைச்சல், ஒவ்வொண்ணா திறந்து காதால கேட்டாத்தான் எது நல்லது எது கெட்டதுன்னு தெரியும், படத்தைப் பார்த்து நம்பாதீங்கம்மா என்றார். இந்தப் பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்று பல வருஷம் ஆகிவிட்டதாம், அதனால் இன்டர்நெட் ஒயரையும் எடுத்துவிட்டார். இனி அது மெஷினோடு மட்டும் பேசிக்கொண்டு கிடக்கட்டும்.

கேட்கிற வேலைக்கு நான்தான் உட்கார்ந்தேன், ஏழு வருஷம் கேட்ட காதுதானே. முதல் ஃபைலில், யாரோ ஒரு வாத்தியார், வலது பிளஸ் ஒண்ணு என்று அவர் குரல் வந்தது, அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். உனக்குத்தான் தெரியுமே, ஆபரேஷனுக்குப் பிறகு தன் பழைய பேச்சைக் கேட்க அப்பாவுக்குப் பிடிக்காது, நான் எதையாவது போட்டால் எழுந்து போய்விடுவார். அன்றைக்கு அவரே வந்து என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம், திருகாணி பிரிக்கிற மாதிரி பிரித்தார். முதல் நாள் முகம் கல்லு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பார்க்கிறேன், தோள் இரண்டும் குலுங்குகிறது, சத்தம் இல்லாமல் சிரிக்கிறார். என்னவென்று கேட்டால் ஹெட்போனை என்னிடம் நீட்டினார். முக்கால்வாசி ஆர்டரில் பின்னாலிருந்து என் குரல்தான் கேட்கிறது, பேசினது போதும் சோறு ஆறுது வாங்க, குழாய் ஒழுகுது ஆளைக் கூப்பிடுங்க, அந்த விசிறியை நிறுத்துங்க என்று. உன் குரலைக் காப்பாத்தத்தான் இவ்வளவு பாடு என்று சிலேட்டில் எழுதினார், கொழுப்பைப் பார்.

இதோ, காப்பி முடிந்துவிட்டது, கடைசியில் ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. அந்தப் பெண்மணி சொன்னபடி, ஏறியதா என்று டிஸ்க்கிலிருந்தே ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். எதைத் திறக்கட்டும் என்று அப்பாவைக் கேட்டேன், யோசிக்காமல் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். ஆர்டர் நம்பர் ஆயிரத்து நூத்தி நாப்பத்திரண்டு, நம்ம வீட்டு சோடாபுட்டி, வலது மைனஸ் ரெண்டேகால், இடது மைனஸ் ரெண்டரை, போன தடவைக்குக் கால் ஏறியிருக்கு, படுத்துக்கிட்டுப் படிக்காத படிக்காதன்னு கத்துறேன் கழுதை கேக்குதா, பிரேம் லேசானதா போடணும், அவளுக்கு மூக்கு சீக்கிரம் செவந்துபோகும். இதற்குள் நான், ஊருக்குப் போற புள்ளைய ஏங்க திட்டுறீங்க என்கிறேன். அதோடு முடிகிறது. முடியும் வரைக்கும் அவர் எழுந்து போகவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உன் கம்ப்யூட்டரில் காப்பி பண்ணு, நாலைந்தைத் திறந்து காதால் கேள், அப்புறம் டிஸ்க்கை அலமாரியில் வை. இங்கே ஒன்று, அந்தப் பெண்மணியிடம் ஒன்று, உன்னிடம் ஒன்று, மூன்று வீட்டிலும் ஒரே நாளில் நான் கை வைக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போனை வாங்கினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், உடனே அவர் என்னிடம் கொடுத்துவிடுகிறார், அப்புறம் நீ சாயந்திரத்தில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாய். அவருக்கு அது தெரியாமல் இல்லை, சாயந்திரமானால் போனைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நீ பாட்டுக்குப் பேசு. அவர் ஸ்குரூடிரைவரால் போனில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டு இல்லை, விடாமல் தட்டினால் உன்னைத் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கீழே அப்பா தன் கையால் நாலு வரி எழுதியிருக்கிறார், கோழி கிண்டியதுதான், உனக்குப் படிக்கத் தெரியும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

உனக்குக் கண் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆச்சு. பார்த்துட்டு பவர் எழுதி அனுப்பு. ஆர்டர் நம்பர் 2791 காலியா வச்சிருக்கேன். படுத்துக்கிட்டுப் படிக்காத.
அப்பா