சிமினி இருக்கா?

1986 ஜூலை 9, புதன். மட்டாஞ்சேரி.

அரசாங்கம் தரும் புகையில்லா அடுப்புக்கு எங்கள் வரிசையில் எட்டு வீட்டுக்கும் நான்தான் மனு எழுதினேன். மலையாளம் எழுதத் தெரிந்தவள் என்ற திமிர். இன்று எட்டும் தள்ளுபடி.

"சிம்னி உண்டுன்னு நிங்ஙள்தானே எழுதியது? புகை போக வழியுள்ள வீட்டுக்கு எந்தினா வேற அடுப்பு?" என்றார் கிளார்க்.

அப்போதுதான் உறைத்தது. மனுவில் இருந்த 'சிம்னி உண்டோ' என்ற கேள்வியை நான் வாசித்ததும் அடுத்த வீட்டு முத்தக்கா, "ரெண்டு இருக்குடி. ஒண்ணுக்குக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கு, அதையும் எழுது" என்றாள். நானும் எல்லோருக்கும் 'உண்டு' என்றே எழுதினேன். எங்களுக்குச் சிமினி என்றால் மண்ணெண்ணெய் விளக்குதானே! கூரைக்கு மேல் நிற்கும் புகைக்குழாயை யார் கண்டது?

விளக்கிச் சொன்னேன். கிளார்க் சிரித்துவிட்டு, "இனி அடுத்த வருஷம் நோக்காம்" என்றார்.

திரும்பி வந்தபோது முத்தக்கா வாசலிலேயே நின்றாள். "அடுப்பு எப்போடி வரும்?" வரும் என்று மட்டும் சொன்னேன். ஈர விறகை ஊதி ஊதி அவள் இருமுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கரண்ட் இல்லை. இதையும் அந்தப் பாழாய்ப்போன சிமினி வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.